காளவாய்த் தோட்டத்துத் தெளிநீர்

மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்ததும் கண்ணாடித் தம்ளர் கேட்டார்கள். எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் கொடுக்கிற வீட்டை இந்தக் காலத்தில் யார் நம்புகிறார்கள்? எதையோ மறைக்கத்தான் அந்தத் தம்ளர் என்று வாசல் தாண்டுவதற்குள் பேசிவிடுவார்கள். தெய்வானை சமையலறைக்குப் போய், இருந்ததிலேயே தடிமனான கண்ணாடியாகத் தேடி எடுத்து, குழாயைத் திறந்தாள். தண்ணீர் செம்மஞ்சளாக விழுந்தது.

பையனின் அம்மா தம்ளரை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள்.

"வர்ற வழியிலதான் இளநீர் குடிச்சோம்," என்று சொல்லி அந்தம்மாள் தம்ளரை அப்படியே கீழே வைத்தாள். பஜ்ஜியைக்கூடத் தொடவில்லை. பஜ்ஜி மாவும் அதே தண்ணீரில்தானே கரைத்தது. கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று எழுந்து போனார்கள். மகள் அல்லியை நிமிர்ந்து பார்த்துப் பெயர் கேட்டவர் ஒருவரும் இல்லை. இப்படித் திரும்பிப் போனது இது முதல் குடும்பமும் அல்ல.

இத்தனைக்கும் காரணம் குழாயின் நுனியில் திருகியிருந்த பெருவிரல் அளவுப் பித்தளைக் கூடுதான். நிறமூக்கு என்று அதற்குப் பெயர். அதற்குள் கடுகளவு நிறமணிகள் இருந்தன. தண்ணீரில் எவ்வளவு சுண்ணாம்பு இருக்கிறதோ அதற்குத் தக்க நிறத்தை அவை கசியவிடும். மென்மையான நீர் நிறமே இல்லாமல் தெளிவாக வரும். கொஞ்சம் கடினமென்றால் மஞ்சள், இன்னும் கடினமென்றால் செம்மஞ்சள், அதற்கும் மேலே போனால் சிவப்பு. குடித்தால் ஒரு கெடுதலும் இல்லை என்றார்கள். உடம்புக்கு இல்லைதான்.

நிறமூக்கிலேயே ஒரு சின்னக் கண் உண்டு. அது தான் பார்த்த நிறத்தைப் பகிர்வானுக்குச் சொல்லும். நகரத்துத் தண்ணீரையெல்லாம் பங்கிடுகிற இயந்திர மூளைதான் பகிர்வான். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பொதுத் தொட்டி, அதில் பாதி உள்ளூர் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர், பாதி மேட்டு நிலையத்திலிருந்து வரும் மென்னீர். பாதி என்பது ஒரு பேச்சுக்கு. தினமும் விடியும்போது பகிர்வான் எல்லாக் குழாய்களின் நிறத்தையும் பார்த்து, நிறம் ஏறிய பகுதிக்கு மென்னீரைக் கூட்டும், தெளிந்த பகுதிக்குக் குறைக்கும். எந்தக் கவுன்சிலர் கத்தினாலும் அதன் காதில் விழாது, ஏனென்றால் அதற்குக் காதே வைக்கவில்லை. மனிதர் பேச்சைக் கேட்டால் செல்வாக்குள்ளவன் தெருவுக்குத்தான் தண்ணீர் போகும் என்று தெரிந்தே அப்படிக் கட்டியிருந்தார்கள். நல்ல யோசனை என்று அப்போது எல்லாரும்தான் கை தட்டினோம்.

காளவாய்த் தோட்டம் அந்த நகரத்தின் தெற்கு ஓரத்தில் இருக்கிற நாலைந்து தெரு. ஒரு காலத்தில் சுண்ணாம்பு சுட்ட இடம், நிலத்தடி நீரும் அதற்கேற்றாற்போல்தான் இருக்கும். பகிர்வான் வந்த புதிதில் அங்கே குழாய்கள் சிவப்பாகக் கொட்டின. மென்னீர் சிறிது சிறிதாகக் கூடி, இப்போது செம்மஞ்சளுக்கு வந்திருந்தது. இன்னும் கொஞ்ச காலம் பொறுத்திருந்தால் மஞ்சளுக்கு வந்திருக்கும். ஆனால் கல்யாண வயதில் பெண்ணை வைத்திருப்பவளிடம் போய்ப் பொறுமையைப் பற்றி யார் பேசுவது? வரன் தேடும் விளம்பரங்களில் 'தெளிநீர்ப் பகுதியினர் மட்டும்' என்று வெட்கமில்லாமல் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

அடுத்த வரன் புதுப்பாலத்திலிருந்து வந்தது. புதுப்பாலம் தெளிநீர்ப் பகுதி. பையன் அல்லியோடு வேலை பார்க்கிறவன், அவனுக்கு அவளைப் பிடித்திருந்தது, அவளுக்கும் அவனை. பெரியவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனால் முடிந்தது என்கிற நிலைமை. அவர்கள் வருகிற அன்று காலையில் தெய்வானை வீட்டைத் துடைத்தாள், விளக்கைத் தேய்த்தாள், கடைசியில் கறை படிந்து கிடந்த நிறமூக்கும் கண்ணில் பட்டது. கை நிறையப் புளியை எடுத்து அதைத் தேய் தேய் என்று தேய்த்தாள். பித்தளைக்குப் புளி போட்டுத் தேய்க்காத வீடு எது? ஆத்திரத்தில் தேய்த்ததில் புளிச்சக்கை கூட்டின் துவாரத்துக்குள் போய் அடைத்துக்கொண்டது. கழுவலாம் என்று குழாயைத் திறந்தாள்.

தண்ணீர் பளிங்காக விழுந்தது.

"என்னங்க, இங்க வாங்களேன்!"

சிகாமணி மெல்ல நடந்து வந்து பார்த்தார். சாயத் தொழிற்சாலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர், நிறத்தைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் தெரியும். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு, வாரத்தில் மூன்று நாள் பக்கத்துத் தெருவிலுள்ள குருதித்தூய்மை நிலையத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறார். குடிக்கிற தண்ணீருக்கும் அவருக்கு அளவு உண்டு. அதனால் ஒவ்வொரு வாயையும் பாயசம் போல நாக்கில் நிறுத்தித்தான் விழுங்குவார்.

அவர் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். "சுண்ணாம்பு எங்கயும் போகல, தெய்வா. புளியில இருக்கற அமிலம் அதைப் பிடிச்சு வச்சுக்குது. மணிக்குக் கண்ணைக் கட்டுன மாதிரி. தண்ணி அதே தண்ணிதான்."

"அதே தண்ணியா இருந்துட்டுப் போகட்டும். இன்னிக்கு ஒரு நாள்தானே," என்றாள் தெய்வானை.

அவர் மகள் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு துண்டு மல்துணியில் புளியைக் கட்டி, நிறமூக்கின் உள்ளே வெளியில் தெரியாதபடி செருகிக் கொடுத்ததும் அவர்தான்.

சம்பந்தியம்மாள் தண்ணீரைக் குடித்தாள். இரண்டாவது தம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தாள். "காளவாய்த் தோட்டம்னதும் யோசிச்சோம். தண்ணி இவ்வளவு நல்லாருக்கே!" என்றாள். அன்றைக்கே தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

இதோடு நின்றிருந்தால் கதையே இல்லை. தெய்வானை வீட்டின் முன்னறையில் பெண்களுக்கான அழகு நிலையம் நடத்தி வந்தாள். தலைமுடி வெட்டும் நாற்காலியில் உட்கார்ந்தவளிடம் எதையும் மறைக்க முடியாது, எதிர்வீட்டு ஃபிலோமினாவிடம் நிச்சயமாக முடியாது.

"அக்கா, உங்க வீட்டுத் தண்ணி மட்டும் எப்படித் தெளிஞ்சுது? என் பையனுக்கும் பொண்ணு பாக்கறோம் இல்ல? நான் யார்கிட்டக்கா சொல்லப் போறேன்?"

சொல்லிவிட்டாள். ஃபிலோமினாவும் யாரிடமும் சொல்லவில்லை, அவளுடைய நாத்தனாரைத் தவிர. நாத்தனார் வீட்டை விற்கப் பார்த்துக்கொண்டிருந்தாள், செம்மஞ்சள் தெருவில் வீடு வாங்க ஆள் வரவில்லை. அவள் கீழ்வீட்டுக்காரிக்குச் சொன்னாள். தெய்வானையின் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர்கள் முடியை வெட்டிக்கொண்டு போனதோடு புளி கட்டுகிற விதத்தையும் கற்றுக்கொண்டு போனார்கள். அல்லியின் கல்யாணம் முடிவதற்குள் காளவாய்த் தோட்டம் முழுக்கத் தெளிந்துவிட்டது. கடையில் புளி கிடைப்பது குதிரைக்கொம்பானது.

பகிர்வானுக்கு வேறென்ன தெரியும்? தெளிந்த பகுதிக்கு மென்னீர் எதற்கு என்று குறைத்தது. மறுநாளும் தெளிவாகவே இருந்தது, இன்னும் குறைத்தது. கடைசியில் அங்கே ஒரு சொட்டு மென்னீர்கூட வராமல் நின்றது. அப்போதும் நிறம் மாறவில்லை, ஏனென்றால் அதற்குள் எல்லாரும் புளியை இரட்டிப்பாக்கியிருந்தார்கள். காளவாய்த் தோட்டத்தின் நிலத்தடி நீரே இனித்துவிட்டது என்று பகிர்வான் முடிவு கட்டியது.

தண்ணீர் மோசமாவது கண்ணுக்குத் தெரியவில்லை, மற்றபடி எல்லாவற்றுக்கும் தெரிந்தது. துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் கல்லு மாதிரி கிடந்தது. சோப்பு நுரைக்கவில்லை. அழகு நிலையத்தில் தெய்வானை சீப்பை இழுத்தால் முடி கொத்தாக வந்தது. "உங்க ஷாம்பூ சரியில்லக்கா," என்று வாடிக்கைக்காரிகள் முறைத்துக்கொண்டார்கள். தண்ணீரைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தங்கள் கையால் தெளியவைத்த தண்ணீரை அவர்களே நம்பத் தொடங்கிவிட்டார்கள், அதுதான் வேடிக்கை. சிகாமணி மட்டும் ஒவ்வொரு வாய்க்கும் முகம் சுளித்தார்.

"கனமா இருக்கு தெய்வா. நாக்குல மணல் மாதிரி உட்காருது."

"கல்யாணம் ஆகி மறுவீடு முடியட்டும்ங்க. எடுத்துடலாம்," என்பாள் அவள். மறுவீடும் முடிந்தது. அவள் எடுக்கவில்லை. சம்பந்திகள் எந்த நேரம் வந்து நிற்பார்களோ என்ற பயம்.

ஒரு சனிக்கிழமை காலை பகுதிச் சங்கத்து மைதானத்தில் பந்தல் போட்டார்கள். நீர்ப்பங்கீட்டு நிலையத்திலிருந்து நஸீரா என்ற இளம் பொறியாளர் வந்திருந்தார். நகரத்திலேயே இடைவிடாமல் தெளிவாக இருக்கும் பகுதி காளவாய்த் தோட்டம் என்று பாராட்டி ஒரு கேடயம் கொடுத்தார். புதுப்பாலத்தில்கூட அவ்வப்போது மஞ்சள் தட்டுகிறதாம், இங்கே ஒரு நாளும் இல்லையாம். கூட்டம் கொஞ்சமும் கூச்சமில்லாமல் கை தட்டியது. தெய்வானையும் தட்டினாள்.

"இன்னொரு நல்ல செய்தி," என்றார் நஸீரா. "நம்ம குருதித்தூய்மை நிலையத்துல இருக்கற பழைய மென்னீராக்கி இயந்திரம் அடிக்கடி பழுதாகுது. ரத்தத்தைக் கழுவற தண்ணில நிறம் கலக்கக் கூடாதுங்கறதால அங்க நிறமூக்கு வைக்க முடியாது. அதனால ரொம்ப நம்பிக்கையான ஒரு பகுதித் தொட்டியிலேர்ந்து நேரா குழாய் கொடுக்கச் சொல்லிப் பகிர்வான் உத்தரவு போட்டிருக்கு. திங்கட்கிழமையிலேர்ந்து உங்க தண்ணிதான் அங்க போகப் போகுது. பழைய இயந்திரத்தை நேத்தே கழட்டியாச்சு."

தெய்வானையின் கைகள் பாதியில் நின்றுவிட்டன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிகாமணி அவளைத் திரும்பிப் பார்த்தார். திங்கட்கிழமை காலை அவருடைய முறை.

ரத்தத்தைக் கழுவும் நீரில் சுண்ணாம்பு ஏறினால் அது நேரே ரத்தத்தில் ஏறும். தலைவலியில் ஆரம்பிக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் எகிறும், அதற்கு மேலே போனால் இதயம் தாங்காது. நிலையத்துச் சுவரிலேயே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருப்பதை இத்தனை காலமாக அவர் படுத்துக்கொண்டே படித்திருக்கிறார்.

பந்தல் கலைவதற்குள் தெய்வானை பொறியாளரை ஓரமாக இழுத்துப் போனாள். முதலில் சுற்றி வளைத்தாள். "தண்ணி கொஞ்சம் கனமா இருக்கற மாதிரி இருக்கும்மா…"

"நிறம் நல்லா தெளிவா இருக்கே மேடம்," என்று சிரித்தார் நஸீரா.

அப்புறம் தெய்வானைக்கு அழுகை வந்துவிட்டது. புளியிலிருந்து எல்லாவற்றையும் கொட்டினாள். நஸீராவின் முகம் வெளுத்துப் போயிற்று. கைப்பேசியில் யார் யாரையோ அழைத்தார், யார் யாரோ திருப்பி அழைத்தார்கள். கடைசியில் சோர்ந்துபோய்ச் சொன்னார்:

"நான் நம்பறேன்மா. ஆனா அது நம்பாது. அதுக்குத் தெரிஞ்ச ஒரே மொழி நிறம்தான். மனுஷங்க கையால ஒரு வால்வைக்கூட மாத்தற மாதிரி விடல. புகார் எழுதறேன், சோதனைக்கு ஆள் வர ஒரு வாரமாவது ஆகும். அதுக்குள்ள ஒரே வழிதான் இருக்கு. ஒண்ணு ரெண்டு குழாய் மட்டும் சிவந்தா பழுதுன்னு தள்ளிடும், எல்லாரையும் புளியை எடுக்கச் சொல்லுங்க. திங்கட்கிழமை விடியும்போது நிறம் வந்துட்டா அதுவே குழாயை மாத்திடும்."

நிலையத்து மருத்துவரையும் போய்ப் பார்த்தார்கள். பகிர்வானின் சான்றிதழை மீறி அவரால் ஒன்றும் செய்ய முடியாதாம். வேறு நிலையத்தில் இடம் கேட்டால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அவ்வளவு நாள் சிகாமணியின் உடம்பு காத்திருக்காது.

தெய்வானை தன் வீட்டுப் புளியை முதலில் எடுத்தெறிந்தாள். தண்ணீர் சிவப்பாகக் கொட்டியது. செம்மஞ்சளும் போய், ஆரம்ப காலத்துச் சிவப்பே திரும்பியிருந்தது. பிறகு தெருத் தெருவாக இறங்கினாள். யாரும் அவளை விரட்டவில்லை. காப்பி கொடுத்தார்கள், ஐயோ பாவம் என்றார்கள். ஃபிலோமினாவின் நாத்தனார், வீடு விலை பேசி முடியட்டும் என்றாள். சங்கத் தலைவர், கேடயம் வாங்கிய மறுநாளே சிவந்தால் ஊர் சிரிக்காதா என்று கேட்டார். சிலர் தலையாட்டிவிட்டு எடுக்காமல் இருந்தார்கள் என்பது அவளுக்கே தெரியும்.

"புதன்கிழமை பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்கக்கா. வியாழக்கிழமை காலையில சத்தியமா எடுத்துடறேன்," என்றாள் ஃபிலோமினா.

"திங்கக்கிழமை அவர் போயாகணும் ஃபிலோ."

"அல்லிக்கு வந்தப்ப நீங்க ஒரு நாள் பொறுத்தீங்களாக்கா?" ஃபிலோமினா கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் தெய்வானைக்குப் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்து சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நாந்தாங்க உங்களைக் கொல்லப் போறேன்," என்று வாய்விட்டு அழுதாள்.

சிகாமணி அவள் பக்கத்தில் சிரமப்பட்டு உட்கார்ந்தார். "ஒண்ணு யோசிச்சேன். புளி எவ்வளவு சுண்ணாம்பைப் பிடிச்சு வைக்கும்? அதுக்கும் ஒரு அளவு இருக்குல்ல?"

"என்ன சொல்றீங்க?"

"புளியால தாங்க முடியாத அளவுக்குத் தொட்டியில சுண்ணாம்பு விழுந்தா? அவங்க எத்தனை மூட்டை கட்டினாலும் சிவப்பு காட்டிடும். சனி ஞாயிறு நிலையம் லீவு. நாளைக்கு விடியறவரைக்கும் அந்தத் தண்ணி அங்க போகாது."

வெள்ளையடிக்கிற சாமான் விற்கும் கடையிலிருந்து கிளிஞ்சல் சுண்ணாம்பு மூட்டைகள் ஆட்டோவில் வந்தன. தொட்டி கழுவப் போகிறார்கள், குடிக்கவும் சமைக்கவும் இப்போதே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், காலை வரை குழாயைத் தொடாதீர்கள் என்று தெய்வானை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டு வந்தாள். இந்த ஒரு பொய்யாவது யாரையும் கெடுக்காது என்று நினைத்துக்கொண்டாள். அந்தி சாய்கிற நேரத்தில் பூங்காவுக்குப் பின்னாலிருந்த பொதுத் தொட்டியின் மூடியைத் திறந்தார்கள். அவர் மூட்டையைப் பிரித்துக் கொடுக்க, அவள் கொட்டினாள். வெள்ளைப் புழுதி இருவர் தலையிலும் படிந்தது. பொய் நிறத்தை அழிக்கத் தண்ணீரையே கெடுக்க வேண்டியிருக்கிறதே என்று ஒரு முறை கை தயங்கியது. அவர் இருமினார். அவள் மீதியையும் கொட்டினாள்.

திங்கட்கிழமை விடியும்போது காளவாய்த் தோட்டத்தின் எல்லாக் குழாய்களும் ரத்தச் சிவப்பாகக் கொட்டின. பகிர்வான் உடனே பார்த்துவிட்டது. தொட்டியைக் கழுவி வடிய விட்டது. குருதித்தூய்மை நிலையத்துக் குழாயைக் காளவாய்த் தோட்டத்திலிருந்து துண்டித்து, தெளிவில் அடுத்த இடத்திலிருந்த புதுப்பாலத்துத் தொட்டியோடு இணைத்தது. சிகாமணி போய்ப் படுத்து, ரத்தத்தைக் கழுவிக்கொண்டு, மதியம் நல்லபடியாக வீடு திரும்பினார்.

"சம்பந்தி வீட்டுத் தண்ணிதான் இப்ப என் ரத்தத்தைக் கழுவுது. இதுக்கு மேல என்ன சீர் வேணும்?" என்று கேட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து வெகு நாளாயிற்று. இதை அல்லியிடம் சொல்லலாமா என்று பேச்சு வந்தது. எந்தக் குழாய் எங்கே போகிறது என்பதெல்லாம் அவளுக்கெதற்கு, புகுந்த வீட்டில் ஏதாவது பேச்சு கிளம்பும் என்று விட்டுவிட்டார்கள்.

தெருவில் மட்டும் தெய்வானையால் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை. மறைக்க அவளுக்குத் தெம்பில்லை, நான்தான் போட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஃபிலோமினா அவள் முகத்திலேயே விழிக்கவில்லை. அழகு நிலையத்து நாற்காலி காலியாகக் கிடந்தது.

ஆனால் அத்தனை சிவப்பைப் பார்த்த பகிர்வான் சும்மா இருக்குமா? காளவாய்த் தோட்டம் தாகத்தில் சாகிறது என்று எண்ணி, மேட்டு நிலையத்து மென்னீரை அந்தப் பக்கம் திருப்பிவிட்டது. வார முடிவில் குழாய்களில் வந்த தண்ணீர் நிஜமாகவே தெளிந்திருந்தது. புளியே இல்லாமல் தெளிந்திருந்தது. பருப்பு இரண்டே விசிலில் குழைந்தது, சோப்பு நுரைத்து வழிந்தது. ஃபிலோமினாவின் சம்பந்தம்கூட நல்லபடி முடிந்தது. அவள் ஸ்வீட் டப்பாவோடு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, புளி கட்டினப்ப இருந்த தண்ணியும் போச்சு. சுண்ணாம்பு போட்டதும் வராத தண்ணியெல்லாம் வந்துது பாத்தீங்களா?"

தெய்வானை கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "அது அவசரத்துக்குச் செஞ்சது ஃபிலோ. இன்னொரு தடவை யாரும் செய்யக் கூடாது. யார்கிட்டயும் சொல்லாத."

"நான் யார்கிட்டக்கா சொல்லப் போறேன்?" என்றாள் ஃபிலோமினா.

பக்கத்துப் பகுதியில் முதலில் சிவந்தது. பிறகு அதற்கடுத்தது. பகிர்வான் சிவந்த இடத்துக்கெல்லாம் மென்னீரை இறைத்தது. இறைத்த நீர் எங்கிருந்தாவது வரவேண்டுமே, தெளிந்த பகுதிகளின் பங்கிலிருந்து எடுத்தது. இதுவரை ஒரு பொய்யும் சொல்லாத தெருக்களில் தண்ணீர் மஞ்சளாகத் தொடங்கியது. தெய்வானை செய்தியில் பார்த்தாள். பார்த்ததும் மனசு உறுத்தியது. அவர் நன்றாக இருக்கிறாரே என்று அந்த உறுத்தலைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

ஒரு நாள் காலை வழக்கம்போல நிலையத்தில் அவர் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். கூடம் நிறையக் கட்டில்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் இயந்திரம் முனகிக்கொண்டிருந்தது. சிகாமணியின் கையிலிருந்து ரத்தம் மெல்லிய குழாயில் ஏறி, கழுவப்பட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் கண்ணை மூடியிருந்தார். கைப்பேசி அதிர்ந்தது. அல்லி.

"அம்மா, ஒரு நிமிஷம் பேசலாமா? இங்க புதுப்பாலத்துல தண்ணி ரொம்ப மோசமாயிடுச்சும்மா. நாளுக்கு நாள் மஞ்சள் ஏறுது. எங்க பங்கையெல்லாம் மத்த ஏரியாக்காரங்க இழுத்துக்கிட்டாங்களாம். அத்தை ஒரே புலம்பல்."

"இருக்கும்மா. கொஞ்ச நாள்ல சரியாயிடும். மஞ்சள் காட்டினா அதுவே தண்ணிய அனுப்பிடும். பொறுத்துக்கோங்க."

"அதெல்லாம் பொறுத்தாச்சும்மா. சங்கத்துல எல்லாரும் என்கிட்டதான் கேக்கறாங்க. காளவாய்த் தோட்டத்துப் பொண்ணுதானே, உங்க அம்மாதானே முதல்ல செஞ்சாங்க, அளவு கேட்டுச் சொல்லுங்கறாங்க."

"எதுக்கு அளவு?"

"சுண்ணாம்புக்குத்தாம்மா."

"அல்லி, இங்க கேளு. போடாதே. யாரையும் போட விடாதே. அந்தத் தொட்டியிலேர்ந்துதான் இங்க அப்பாவுக்கு…" குரல் அவளுக்கே கேட்கவில்லை. இயந்திரங்களின் முனகல்தான் கேட்டது.

"என்னம்மா, சரியா கேக்கல. காலையிலயே போட்டாச்சும்மா. விடிஞ்ச கையோட போட்டோம், நாளைக்கு விடியறதுக்குள்ள நல்லா கரையணும்ல. ஆனா நிறம் சிவப்பா வரல, செம்மஞ்சளோட நிக்குது. அளவு பத்தலையோன்னுதான் கேக்கறேன்."

தெய்வானை எழுந்து நின்றாள். சுவரில் பகிர்வானின் பலகை இருந்தது. விடியலில் பார்த்த நிறத்தைத்தான் அது இன்னும் காட்டிக்கொண்டிருந்தது: புதுப்பாலம், வெளிர்மஞ்சள், பாதுகாப்பானது. நாளை விடியும் வரை அது அதையேதான் காட்டும்.

"தெய்வா," என்றார் சிகாமணி, கண்ணைத் திறக்காமல். "அந்த ஏசியைக் கொஞ்சம் கூட்டச் சொல்லேன். உடம்பெல்லாம் எரியுது. தலை வேற வலிக்குது."

"நிறுத்துங்க!" என்று அவள் கத்தினாள். "எல்லாத்தையும் நிறுத்துங்க!"

செவிலியர் ஓடி வந்தார். "என்னம்மா ஆச்சு? தண்ணியெல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று பலகையைக் காட்டினார். அடுத்த கட்டிலில் இருந்த பெண் கையைத் தூக்கி நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். அதற்கும் அடுத்த கட்டிலில் ஒரு பெரியவர் வாந்தி வருகிறது என்று கிண்ணம் கேட்டார். தெய்வானை தன் கணவர் கையிலிருந்த குழாயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கட்டில்களைப் பார்த்துப் பார்த்துக் கத்தினாள்.

கீழே விழுந்திருந்த கைப்பேசியில் அல்லி இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, லைன்ல இருக்கியா? எத்தனை மூட்டைன்னு மட்டும் சொல்லும்மா. எல்லாரும் கீழ காத்துக்கிட்டிருக்காங்க."